குமரி மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு: கணிதப் பட்டத்தை எங்கே, எந்தப் பெயரில் படிப்பது?

பொறியியல் வேண்டாம், கணிதமே படிக்கிறேன் என்று சொல்லும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வீட்டில் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி "எந்த காலேஜ்?" என்பதுதான். வடசேரியிலிருந்து பஸ் உண்டா, ஹாஸ்டல் உண்டா, சொந்தத்தில் யார் அங்கே படித்தார்கள் என்று பேச்சு அப்படியே போகும். இதெல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பட்டம், அதை முடித்தபின் எங்கே போக எண்ணம் என்பது. கணிதம் என்ற ஒரே பெயருக்குள் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. அவை மூன்று ஆண்டு கழித்து உங்களைக் கொண்டுவிடும் இடங்கள் ஒன்றல்ல.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குக்கு விடை காண்பதோடு நிற்காமல், அது ஏன் அப்படி என்று நிறுவிக் காட்டுவதில் ஆசை உள்ள பிள்ளை சென்னைக் கணிதவியல் நிறுவனம், பெங்களூரு இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இவற்றின் நுழைவுத் தேர்வுகளைக் கட்டாயம் எழுத வேண்டும். இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது அனுப்புங்கள். மற்றவர்களுக்கு, அதாவது மிகப் பெரும்பாலானவர்களுக்கு, பெயரில் "கம்ப்யூட்டர்", "டேட்டா சயின்ஸ்" என்று ஒட்டு எதுவும் இல்லாத பி.எஸ்சி. கணிதம் போதும். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், கணிதத் துறை நன்றாக நடக்கும் ஒரு கல்லூரியில், முடிந்தால் எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவில் சேரட்டும். இது இரண்டாம் தரமான தேர்வு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன்.

உள்ளூர் கல்லூரிகள்

இந்தச் சின்ன மாவட்டத்துக்குக் கல்லூரிகள் அதிகம். நாகர்கோவிலில் 1893-இல் தொடங்கிய ஸ்காட் கிறித்தவக் கல்லூரி, 1952-இல் தொடங்கிய தெ.தி. இந்துக் கல்லூரி, பெண்களுக்கு ஹோலி கிராஸ், பெண்கள் கிறித்தவக் கல்லூரி. மேற்கே மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறித்தவக் கல்லூரி, குழித்துறையில் ஸ்ரீதேவி குமரி மகளிர் கல்லூரி, நெய்யூரில் லட்சுமிபுரம் கல்லூரி. கிழக்கே அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா, ஆரல்வாய்மொழியில் அறிஞர் அண்ணா கல்லூரி. அரசுக் கல்லூரி கோணத்தில் இருக்கிறது. எல்லாமே 1990-இல் உருவான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. ஸ்காட், ஹோலி கிராஸ் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாங்களே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். ஆகவே பட்டத்தின் மதிப்பில் இந்தக் கல்லூரிகளுக்கு இடையே வேறுபாடு இல்லை. வேறுபாடு துறையில்தான்.

பி.எஸ்சி. கணிதத்தில் மூன்று ஆண்டில் என்ன நடக்கும்? முதல் இரண்டு ஆண்டும் தமிழும் ஆங்கிலமும் உண்டு. கூடவே இயற்பியல், புள்ளியியல் போல ஒரு துணைப்பாடம் இருக்கும். கணிதத்தில் முதலில் வருவது இயற்கணிதம், திரிகோணமிதி, வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், பகுமுறை வடிவியல். இவற்றில் பெரும்பகுதி பிளஸ் டூவின் நீட்சி. நல்ல மார்க் வாங்கிய பிள்ளை சிரமமில்லாமல் தாண்டிவிடும். அப்புறம் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வெக்டரும் வரும். மூன்றாம் ஆண்டில்தான் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். அதுவரை கணக்கு என்றால் போட்டு விடை எடுப்பது. இங்கே கேள்வியே வேறு மாதிரி இருக்கும். "ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஓர் எல்லையைத் தாண்டாத எண்களின் தொடர்முறை ஏதாவது ஓர் எண்ணை நெருங்கியே ஆக வேண்டும், நிறுவுக." பார்த்தால் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போலத்தான் இருக்கும். ஏன் என்று எழுதச் சொன்னால் பேனா நகராது. அப்போது பிள்ளைகளுக்கு இரண்டு வழி. ஒன்று, தேற்றத்தையும் நிரூபணத்தையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது. மற்றது, ஒவ்வொரு வரியும் ஏன் தேவை என்று உட்கார்ந்து யோசிப்பது. முதல் வழியில் போனாலும் 80 விழுக்காடு வாங்க முடியும். ஆனால் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு ஒன்றையும் தாண்ட முடியாது.

அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரைப் பிடித்துப் பேசுங்கள். ரியல் அனாலிசிஸ் யார் எடுக்கிறார், போர்டில் நிரூபணம் போடுகிறாரா, நோட்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறாரா, சந்தேகம் கேட்டால் நின்று பதில் சொல்வாரா என்று கேளுங்கள். அந்தத் துறையிலிருந்து கடந்த ஆண்டுகளில் யாராவது ஐ.ஐ.டி.க்கோ மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ எம்.எஸ்சி. படிக்கப் போனார்களா என்றும் கேளுங்கள். இந்தப் பதில்களை விளம்பரத் தாளில் பார்க்க முடியாது.

செலவு விஷயம். ஒரே கல்லூரியில் ஒரே பாடத்துக்கு எய்டட், செல்ஃப் பினான்ஸ் (அரசு உதவி இல்லாத சுயநிதி) என இரண்டு பிரிவு இருக்கும். கட்டணத்தில் பெரிய இடைவெளி. எய்டட் பிரிவில் கட்டணம் குறைவு என்பதோடு, நிரந்தர ஆசிரியர்கள் பாடம் எடுப்பதும் பெரும்பாலும் அங்கேதான். எனவே முதலில் அதற்கே விண்ணப்பியுங்கள், இரண்டு மூன்று கல்லூரிகளில். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் மாதம் 1000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் அதிகம் என்பதால் இது பலருக்கும் பொருந்தும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை. மாநில போர்டில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் மதிப்பெண் எடுத்து, கணிதம், இயற்பியல் போன்ற அடிப்படை அறிவியலில் சேருபவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை. பெரிய நிறுவனங்களில் சேர்ந்தால்தான் கிடைக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் படிப்பவரும் விண்ணப்பிக்கலாம்.

பெயரில் ஒட்டு உள்ள பட்டங்கள்

"கம்ப்யூட்டர் அப்ளிகேஷனோடு சேர்ந்த மேத்ஸ்" என்றும் "டேட்டா சயின்ஸ்" என்றும் இப்போது நிறைய இருக்கின்றன. வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோர் இதைத்தான் விரும்புகிறார்கள். அந்த விருப்பம் நியாயமானதே. ஆனாலும் நான் தயங்குவதற்கு இரண்டு காரணம்.

முதலாவது, அரசு வேலை. ஆசிரியர் தேர்வு வாரியமோ டி.என்.பி.எஸ்.சி.யோ கணிதப் பட்டம் என்று கேட்கும் இடத்தில், உங்கள் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால் அது கணிதத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். சில பட்டங்களுக்கு இணை என்றும், சிலவற்றுக்கு இணை இல்லை என்றும் ஆணைகள் வந்திருக்கின்றன. சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் நிற்கும்போது இதைத் தெரிந்துகொள்வது மிகக் கொடுமை. சேரும் முன்பே, அந்தக் கல்லூரியின் அந்தப் பட்டத்துக்கு அரசாணை எண் கேட்டு வாங்குங்கள். தர முடியவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

இரண்டாவது, ஒட்டுப் பாடங்கள் கணிதப் பாடங்களின் இடத்தைத்தான் பிடிக்கும். வாரத்தில் இருப்பது அதே மணி நேரம். கணினி வேண்டும் என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2021 முதல் டேட்டா சயின்ஸில் இணையவழி பி.எஸ். பட்டம் நடத்துகிறது. ஜே.இ.இ. தேவையில்லை. சில வாரப் பாடம் படித்து அவர்கள் வைக்கும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதி கொடுத்தாயிற்று. நாகர்கோவிலில் கணிதமும், வீட்டில் இரவில் அதுவும் என்று படிக்கலாம். சுமை அதிகம்தான். முழுப் பட்டம் வரை போகாமல் அடிப்படை நிலையோடு நிறுத்திக்கொண்டாலும் புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் கைக்கு வந்துவிடும். ஒட்டுள்ள பட்டத்தைவிட இந்த ஏற்பாடே எனக்கு நல்லதாகப் படுகிறது.

புள்ளியியலில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணிக்குத் தேர்வு எழுத, பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எல்லை தாண்டினால்

விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் ஒன்றும் தூரமில்லை. குழித்துறையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேரும் முன்பு மேல்படிப்பு என்றால் அங்கேதான் என்றிருந்தது. யுனிவர்சிட்டி கல்லூரி 1866-இலிருந்து நடக்கிறது. கணிதத் துறை பழையது, புள்ளியியல் தனித் துறையாக உண்டு, தமிழ்த் துறையும் இருக்கிறது.

அங்கே 2024 முதல் நான்கு ஆண்டுப் பட்டம். மூன்றாம் ஆண்டோடு முடித்துக்கொண்டு வரலாம், நான்காம் ஆண்டும் இருந்து ஹானர்ஸ் வாங்கலாம். ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு இது நல்லது. ஆனால் கேரள இட ஒதுக்கீடு நமக்குப் பொருந்தாது. பொதுப் போட்டியில்தான் இடம் பிடிக்க வேண்டும். வகுப்பில் விளக்கம் மலையாளத்தில் வந்தால் புரிந்துகொள்ளவும் வேண்டும். எல்லையோரப் பிள்ளைகளுக்கு இது சிரமமில்லை, தோவாளைப் பிள்ளைக்குச் சிரமம். தமிழ்நாட்டில் ஆசிரியர் வேலைதான் குறி என்றால் அங்கே போவதில் பெரிய லாபம் இல்லை.

நுழைவுத் தேர்வு வழியாக

பிள்ளை இந்த வழிக்கு ஏற்றவர்தானா என்று பார்க்க ஒரு கேள்வி தருகிறேன். அடுத்தடுத்த மூன்று முழு எண்களைப் பெருக்கினால் வரும் விடை எப்போதும் 6-ஆல் வகுபடும். 4, 5, 6 என்றால் 120. 7, 8, 9 என்றால் 504. ஏன் எப்போதும் அப்படி?

பத்து உதாரணம் போட்டுப் பார்த்துவிட்டுச் சரிதான் என்று நிறுத்துகிற பிள்ளை ஒரு வகை. மூன்றில் ஒன்றாவது இரட்டை எண், ஒன்று கட்டாயம் மூன்றின் மடங்கு, அதனால்தான் என்று கண்டுபிடிக்கிற பிள்ளை ஒரு வகை. அதோடு நிற்காமல், நான்கு எண்கள் என்றால் என்ன ஆகும் என்று தானாகவே கேட்டு, 24-ஆல் வகுபடும் என்று கண்டு, ஐந்துக்கு 120 என்று போய், பதினொன்றாம் வகுப்பில் படித்த சேர்வுகளுக்கும் இதற்கும் உறவு இருக்கிறதே என்று துள்ளுகிற பிள்ளையும் உண்டு. யாரும் கேட்காமலே அடுத்த கேள்விக்குப் போகும் அந்தப் பிள்ளையைத்தான் நான் சொல்கிறேன். அது எந்தப் பள்ளியிலும் இருக்கும், குளச்சலிலும் இருக்கும், குலசேகரத்திலும் இருக்கும். மொத்த மார்க்கில் முதலிடம் வாங்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

அந்தப் பிள்ளைக்கு முதல் இடம் சென்னைக் கணிதவியல் நிறுவனம். சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கியது, இப்போது சிறுசேரியில் இருக்கிறது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ் உண்டு. இந்த ஒட்டை நான் முன்பு சொன்ன ஒட்டோடு சேர்க்க வேண்டாம், இரண்டுமே அங்கே ஆழமாக நடக்கும். நுழைவுத் தேர்வில் கணிதம் மட்டுமே. பிளஸ் டூ அளவுக்குள்தான் பாடம், ஆனால் நிறுவி எழுத வேண்டிய கேள்விகள் வரும். இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பெங்களூரில் பி.மேத். நடத்துகிறது. அங்கே தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள் ஒன்று, எழுதிக் காட்டும் தாள் ஒன்று. சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. இரண்டு இடத்திலும் முதல் ஆண்டிலேயே ரியல் அனாலிசிஸ் தொடங்கிவிடும். நம் கல்லூரிகளில் மூன்றாம் ஆண்டில் தொடுவதை அவர்கள் முதல் ஆண்டில் தொடுகிறார்கள் என்பதுதான் உண்மையான வேறுபாடு.

நமக்குப் பக்கத்திலேயே விதுராவில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், எல்லை தாண்டிய கொஞ்ச தூரம். நல்ல நிறுவனம். ஆனால் கணிதம் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐசர் நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளைக்கு உயிரியல் 15 கேள்வியும் எட்டாமல் போகும். சேர்ந்த பிறகும் தொடக்கத்தில் எல்லா அறிவியலும் படிக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது வரம், கணிதம் மட்டும் என்பவர்களுக்குச் சுமை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. கணிதம் இன்னொரு நல்ல தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கை, விடுதியோடு சேர்த்தாலும் தாங்கக்கூடிய செலவு.

இதில் பெரிய சிக்கல் காலம்தான். இந்த விண்ணப்பங்கள் எல்லாம் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே முடிந்துவிடும். நம் பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. ரிசல்ட் பார்த்து யோசிக்கலாம் என்று இருந்தவர்களுக்கு இந்த வழிகள் அப்போதே அடைபட்டிருக்கும். பிளஸ் டூ தொடங்கும் போதே பள்ளியில் கணித ஆசிரியர்கள் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஆசிரியர் வேலை என்றால்

நம் வீடுகளில் கணிதம் என்றாலே "டீச்சர் ஆகலாம்" என்பதுதான் கணக்கு. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆறு முதல் பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு பி.எஸ்சி., பி.எட்., அப்புறம் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள், அதன்பின் நியமனத்துக்கான போட்டித் தேர்வு. மேல்நிலை வகுப்புக்கு எம்.எஸ்சி., பி.எட்., ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு. கல்லூரிக்கு எம்.எஸ்சி.யோடு நெட் அல்லது செட் (தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்), இல்லையேல் முனைவர் பட்டம். இதற்கு உள்ளூர்ப் பட்டமே சரியான வழி. பள்ளி ஆசிரியர்தான் என்று இப்போதே உறுதியாக இருப்பவர்கள் மைசூர் மண்டலக் கல்வியியல் நிறுவனத்தைப் பார்க்கலாம். நான்கே ஆண்டில் பி.எஸ்சி., பி.எட். இரண்டும் முடியும், ஓர் ஆண்டு மிச்சம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணி நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஆனால் பள்ளியில் மட்டும் தமிழ் வழி என்றால் போதாது, பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் வழியில் வந்த பிள்ளை ஆங்கில வழி பி.எஸ்சி.யில் சேரும்போது இதை இழக்கிறது. மேல்படிப்புக்கு ஆங்கில வழி உதவும், அரசு வேலைக்குத் தமிழ் வழி உதவும். எது முக்கியம் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

இரண்டாவது வாய்ப்பு

உள்ளூர் பி.எஸ்சி. இரண்டாம் தரம் அல்ல என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் ஜாம் தேர்வு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. கணிதம் படிக்க, பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் பிப்ரவரி மாதம் எழுதுவது. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. பாடங்கள் நீங்கள் படிக்கும் அதே தொடர்முறை, நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, லீனியர் அல்ஜீப்ரா, குலங்கள் (குரூப்), ரியல் அனாலிசிஸ்தான். நடைமுறையில் ஒரு தொல்லை உண்டு. நம் பாடத்திட்டத்தில் லீனியர் அல்ஜீப்ரா கடைசிப் பருவத்தில் வருகிறது, தேர்வோ அதன் நடுவில். ஆகவே இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே அதைத் தானாகப் படித்துவிட வேண்டும். என்.பி.டெல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அதற்கு முன்னால் தன்னைச் சோதித்துக்கொள்ள இரண்டு வாய்ப்பு. ஒன்று மாதவா கணிதப் போட்டி, பழைய கேரளக் கணித அறிஞர் சங்கமகிராம மாதவரின் பெயரில் பட்ட மாணவர்களுக்காக நடப்பது. மற்றது எம்.டி.டி.எஸ். கோடை முகாம். பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-இல் தொடங்கியது. சுமார் நான்கு வாரம், தேர்வான மாணவர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து, கேள்வி கேட்டுக் கேட்டே கணிதம் சொல்லித்தருவார்கள். மனப்பாடத்திலிருந்து வெளியே வர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று தயங்கும் வீடுகள் நம்மிடம் இன்னும் உண்டு. கணிதத் துறைகள் ஒன்றாகப் பார்த்து, பல கல்லூரிகளிலிருந்து தேர்வானவர்களைச் சேர்த்து அனுப்பினால் அந்தத் தயக்கம் குறையும்.

இந்த ஆண்டு சேரப்போகிறவர்கள் இப்போது செய்ய வேண்டியது இது. எய்டட் பிரிவில் பி.எஸ்சி. கணிதத்துக்கு இரண்டு மூன்று கல்லூரிகளிலும், அரசுக் கல்லூரிக்கு மாநிலப் பொது இணையதளத்திலும் விண்ணப்பியுங்கள். இன்ஸ்பயர் மதிப்பெண் வரம்பைப் பாருங்கள். துணைப்பாடம் கேட்டால், வேறு வலுவான விருப்பம் இல்லாவிட்டால், புள்ளியியல் என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு பிளஸ் டூ எழுதப்போகிறவர்கள் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பழைய வினாத்தாள்களை இறக்கி, வாரம் ஒரு கேள்வி வீதம் இன்றே தொடங்கலாம்.